சித்தி பேசாத நாட்கள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு காவல் வேலை கிடைத்தது. காவல் காக்க வேண்டியது என் சித்தியின் தொண்டையை.

சித்தி அம்மாவின் தங்கை. யாங்கோனின் தாகேதா பகுதியில் இதே வீட்டில் வளர்ந்து, மாதா கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தவள், நர்சு வேலைக்கென்று லண்டன் போய் அங்கே பாடகியாகிவிட்டாள். சோல் என்று ஒரு வகைப் பாட்டு. கேட்டால், யாரோ நம் வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டு அழுவது போலிருக்கும். இரண்டு ஆல்பம் வந்திருந்தது. லண்டன் பஸ் ஒன்றின் முதுகில் அவள் முகம் ஒட்டியிருந்த படத்தை அம்மா போனில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

மூன்றாவது ஆல்பத்துக்கு முன் சித்தியின் தொண்டையில் ஏதோ வளர்ந்துவிட்டது. அறுவை செய்த டாக்டர், இருபத்தொரு நாள் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். லண்டனில் இருந்தால் யாராவது பேச வைத்துவிடுவார்கள் என்று யாங்கோனுக்கே வந்துவிட்டாள். பகலில் வேலைக்குப் போகிற அம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இவ வாயத் தொறந்தா தொண்ட போயிரும். தொண்ட போனா பொழப்பே போச்சு. நீதான் பாத்துக்கணும். எதாவது ஆச்சு, தோல உரிச்சிருவேன்."

அன்றிலிருந்து என் வயிற்றில் பயம் குடியேறிவிட்டது. சித்தி தும்மினால் பயம், கொட்டாவி விட்டால் பயம். அவளோ விளையாட்டுக்காரி. பேசப்போவது போல வாயை அகலமாகத் திறப்பாள்; நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் பொத்துவேன். சொல்ல வேண்டியதை ஒரு சின்ன நோட்டில் பர்மிய எழுத்தில் எழுதிக் காட்டுவாள், எனக்குத் தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது. பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாள், லண்டன்காரி மௌன தியானம் இருக்கிறாள் என்று தானாகவே முடிவுகட்டி, தினமும் காலையில் ஒரு கிண்ணம் மொகிங்கா கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மாதா கோயில்காரியான சித்தி மறுக்கவும் முடியாமல், சிரிக்கவும் கூடாமல், அந்த மீன்குழம்பு நூடுல்ஸை வாங்கித் தின்றாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, அடைந்து கிடந்தது போதும் என்று எழுதிக் காட்டி, என்னைப் போட்டாதாங் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். கடற்காகங்களுக்குப் போட ஒரு பொட்டலம் பொரி வாங்கினோம். காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக, நான் துரத்திக்கொண்டு ஓடி, கிடங்கு வாசலில் நின்ற லாரிக்குப் பின்னால் குனிந்து பொறுக்கினேன். லாரி ரிவர்சில் வர ஆரம்பித்தது. சத்தம் கொடுக்க வேண்டிய கிளீனர் டீக்கடையில் இருந்தான். சித்தி கைதட்டினாளாம். படகு எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் என் பெயர் கேட்டது. பாட்டில் ஏறுகிற குரல் அல்ல அது. தகரத்தைக் கிழித்தது போலிருந்தது. நான் துள்ளி விலகினேன். சக்கரம் பொரிமேல் ஏறி நின்றது.

சித்தி ஓடிவந்து என்னை வாரி எடுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் லாரிக்காக இல்லை.

"ஏன் சித்தி வாயத் தொறந்தீங்க? அம்மா என்னையத்தான் அடிப்பாங்க" என்று அழுதேன்.

அவள் ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுகையால் நோட்டை எடுத்து, எழுத்து கோணலாகப் போக, எழுதினாள்: 'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.' பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அந்தத் தாளை நான் விடவில்லை. அவள் ஏன் தொண்டையிலிருந்து கையை எடுக்கவேயில்லை என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இருபத்தொரு நாளும் முடிந்த மறுநாள் காலை, அம்மா தேன் கலந்த வெந்நீர் கொடுத்து, "இப்பப் பேசுடி" என்றாள்.

"அக்கா" என்றாள் சித்தி. பாதி காற்று, பாதி கரகரப்பு. மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். அதேதான்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்டரைத் திட்டினாள். இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்ததற்கு இதுதான் பலனா என்று மாதாவிடம் முறையிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடுவாள், இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

சித்தி அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்கிறாள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது ஆல்பம் வரவேயில்லை. இப்போது லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். அன்று கத்தியதுதான் காரணமா என்று ஒருமுறை வீடியோ காலில் கேட்டேன். சாப்பிட்டியா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? அடி விழாது என்று உறுதியானதும் அப்படி ஒரு நிம்மதி. நன்றாகப் பசித்தது. சித்தி தொடாமல் வைத்திருந்த மொகிங்காவையும் நானே தின்று தீர்த்தேன்.