ரயில்வே கேட்டில் படித்த இங்கிலீஷ்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வீடுவீடாகப் பேப்பர் போடுகிறேன். விடியற்காலையில் சென்னையிலிருந்து வேன் வரும். கட்டைப் பிரித்து, இணைப்புத் தாளைச் செருகி, மொபெட்டில் கிளம்பினால் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற வீடுகள் கொஞ்சம்தான். அதில் எழுத்துக் கூட்டத் தெரியுமே தவிர, அர்த்தம் தெரியாது. யாரிடமும் கேட்கவும் மாட்டேன். வாசலில் ஆள் நின்றால்கூடப் பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிற சுபாவம் எனக்கு.

என் மகள் டிகிரி முடித்து, விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் வருவாள். பேப்பர் போட்டு முடித்ததும் நான்தான் அவளை ஸ்டேஷனில் விடுவேன்.

ஒருநாள் கேட்டேன். "ஆபீஸ்ல இன்னா வேலை பாப்பா உனக்கு?"

"கம்ப்யூட்டர்ல ரோடு படம் வரும்ப்பா. லாரி, மாடு, ஆளு, எது இருந்தாலும் சுத்திக் கட்டம் போடணும். அதைப் பார்த்து மெஷினு கத்துக்கும்."

"மாட்டைப் பார்த்தா மாடுன்னு தெரியாதா அதுக்கு?"

"உனக்கு இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்தா தெரியுதா? அந்த மாதிரிதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் செய்கிற வேலையைப் பற்றி இங்கிலீஷ் பேப்பரில் வருகிறதாம், அவளே சொன்னாள். அந்தப் பேப்பரை ஊருக்கே நான் சுமக்கிறேன். எனக்கு மட்டும் அது வெறும் காகிதம்.

ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. நாங்கள் போகிற நேரத்துக்கு ஒரு எக்ஸ்பிரஸ் கடக்கும். தினமும் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். மறுநாள் கேட் போட்டதும், மிச்சமிருந்த தமிழ்ப் பேப்பரையும் இங்கிலீஷ் பேப்பரையும் எடுத்து அவளிடம் நீட்டினேன். கேட்க வெட்கமாக இருந்தது. அவளே புரிந்துகொண்டாள்.

இரண்டிலும் ஒரே போட்டோ போட்ட செய்தியைத் தேடுவோம். அமைச்சர் மைக் முன்னால் நிற்பார், இல்லையென்றால் ஒரு ரோபோ கை தூக்கிக்கொண்டிருக்கும். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று நான் கூட்டி முடிப்பதற்குள் ரயிலே போய்விடும். அதற்குத் தமிழில் 'செயற்கை நுண்ணறிவு' என்று போட்டிருந்தார்கள். அதுவும் எனக்குப் புதிதுதான். அரசாங்கம் அதற்கு விதி போடப் போகிறது, வரைவு தயாராகிறது என்று அடிக்கடி வரும். அப்படித்தான் ரெகுலேஷன், டிராஃப்ட், டேட்டா, பிரைவசி எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். இரவு அது பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும்.

கேட்டில் தினமும் பக்கத்தில் நிற்கும் பால்காரர் விடமாட்டார். "இன்னாங்க பேப்பர்காரரே, கலெக்டர் பரீட்சைக்கா?"

"எங்கப்பா பாஸ் பண்ணிட்டா உங்க பாலைத்தான் முதல்ல செக் பண்ணுவாரு," என்பாள் மகள். அவர் வண்டியை நைசாக முன்னால் தள்ளிக்கொள்வார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் படித்த படிப்பு அதுதான் என்று சொல்வேன்.

பிறகு ஒருநாள், பேப்பர் போட்டு முடித்துவிட்டு வீட்டு வாசலில் அவளுக்காகக் காத்திருந்தேன். போட்டோ தேடி இங்கிலீஷ் பேப்பரைப் புரட்டும்போது உள்பக்கத்தில் விழுப்புரம் என்ற பெயர் கண்ணில் பட்டது. பாப்பா வேலை பார்க்கிற ஊராயிற்றே என்று கூட்டிப் படித்தேன். கட்டம் போடுகிற வேலையை இனி மெஷினே செய்துகொள்ளுமாம். சின்ன ஊர்களில் இருக்கும் ஆபீசுகளுக்கு அந்த வேலையைக் கொடுத்து வந்த கம்பெனி, அதை நிறுத்தப்போகிறதாம். அந்த ஊர்களின் பட்டியலில் விழுப்புரமும் இருந்தது. வேலை போகிறவர்களுக்கு வேறு பயிற்சி கொடுக்க அரசு கொள்கை வகுத்து வருவதாகக் கடைசியில் இரண்டு வரி. தெரியாத வார்த்தைகள் இருந்தன. ஆனால் தெரிந்தவையே போதுமானதாக இருந்தன.

மகள் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். நான் பேப்பரை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்து மூடினேன்.

கேட்டில் கையை நீட்டினாள். "பேப்பரு?"

"இன்னிக்கு மிச்சம் இல்ல பாப்பா. எல்லாம் போயிடுச்சி."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு போன் வந்தது. சென்னையில் இருக்கும் சிநேகிதி. அவள் ஆபீசில் ஓர் இடம் காலி, உடனே கிளம்பி வரச் சொல்கிறாள் என்பது இவள் பேச்சிலிருந்து தெரிந்தது.

"வேணாண்டி. இங்கயே நல்லா போய்க்கினு இருக்குது. எங்கப்பாகூட வர்றேன், போறேன். அங்க வந்து ஹாஸ்டல்ல யாரு கெடக்கறது?"

நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்குக் கீழேதான் அந்தச் செய்தி இருந்தது. எழுந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் மனசு கஷ்டப்படுமே என்று நினைத்ததாகத்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. 'எங்கப்பாகூட' என்று அவள் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரயில் போனது, கேட் திறந்தது, வண்டியை எடுத்தேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கி வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "இந்த மாசத்தோட ஆபீஸ மூடறாங்களாம்ப்பா," என்றாள். நான் சீட்டைத் தூக்கிப் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே படித்தாள்.

"காலைலயே பார்த்துட்டியா?"

"ம்."

"இதெல்லாம் புரிஞ்சிதா உனக்கு?"

"புரிஞ்சிது."

பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு, "அப்ப நான் நல்லாதான் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சிநேகிதிக்கு அங்கேயே போன் போட்டாள். "அந்த எடம் இருக்குதாடி இன்னும்?" என்று அவள் கேட்டபோது நான் மொபெட் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்துக்கு மத்தியானமே ஆள் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நாலு மாதம் வீட்டில் இருந்தாள். கேட்டுக்குப் போகிற வேலை எங்களுக்கு இல்லை. அப்புறம்தான் சென்னையில் வேறொரு வேலை கிடைத்துப் போனாள். மெஷின் எழுதுவதில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

போன முதல் வாரமே, காலையில் அவள் பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்தது. "இன்னிக்குப் பேப்பர்ல என் வேலையப் பத்தி இன்னா போட்டுருக்கான்? கெட்டதா இருந்தா அத முதல்ல படிப்பா." அன்றிலிருந்து அதுதான் பழக்கம். பேப்பர் போட்டு முடித்து, கேட் ஓரமாக வண்டியை நிறுத்தி, போனில் படித்துக் காட்டுவேன். பால்காரர் இப்போது கிண்டல் செய்வதில்லை. சத்தம் கேட்கக் கூடாதென்று வண்டியை அணைத்துவிடுகிறார்.

பிஸ்கட் டப்பாவில் ஒரே ஒரு தாள் மட்டும் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது நான் பேப்பரைச் சீட்டுக்கு அடியில் மறைத்த நாளின் தாள். என் மனைவி எத்தனையோ தடவை கேட்டும் நான் அதைத் தூக்கிப் போடவில்லை.

இன்று காலை ஆறாம் பக்கத்தில் மறுபடியும் அவள் வேலையைப் பற்றி ஒரு செய்தி. நல்லதா கெட்டதா என்று முதலில் தெரியவில்லை. ஒரு வரி விடாமல் படித்தேன். இரண்டு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. "எனக்கும் தெரிலப்பா, எழுதி வை," என்றாள். எழுதி வைத்தேன். வீட்டுக்கு வந்து, கையோடு இதையும் எழுதினேன்.

2025 நவம்பர் 24, திங்கட்கிழமை, திண்டிவனம்.