வேனிலிருந்து திரும்ப வாங்கிய புத்தகங்கள்

நீல நிறப் பிளாஸ்டிக் கூடை அது. கடைகளுக்கு ரொட்டி இறக்குபவர்கள் வைத்திருக்கும் வகை. எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் அதை எங்கிருந்தோ கொண்டுவந்து, தன் இருக்கைக்குப் பின்னால் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். செம்மண் பாதையில் வேன் எவ்வளவு குலுங்கினாலும் கூடை அசையாது. அதில் நாற்பது தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைக் கொடுத்தவள் நான்தான். திரும்ப வாங்கிக்கொண்டவளும் நான்தான்.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கோத்தா திங்கிப் பக்கம் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் அப்போது நூலகப் பொறுப்பாசிரியை. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட வேனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருநாள் யாரோ வண்டியில் விட்டுப்போன நூலகப் புத்தகத்தை ஒரு சிறுமி எடுத்துச் சத்தமாக வாசித்திருக்கிறாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் அடங்கிப்போய்விட்டார்களாம். மறுநாள் காலை ஓட்டுநர் நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு பத்து புக்கு குடுங்க. வண்டியில வச்சிக்கிறேன். சத்தம் கொஞ்சம் கொறையும் லா."

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பத்து, இருபதாகி நாற்பதானது. பிள்ளைகளை வாசிக்க வைக்க நான் செய்யாத முயற்சி இல்லை. சுவரொட்டி, பரிசு, வாசிப்புப் பதிவேட்டில் தங்க நட்சத்திரம். பிள்ளைகள் பின்னட்டையில் இருப்பதை அப்படியே பதிவேட்டில் எழுதி நட்சத்திரம் வாங்கிப்போனார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒட்டிக்கொடுத்தேன்.

ஒருமுறை என் கார் பழுதாகிப்போனதால் அந்த வேனில் ஏறினேன். அவர் ரேடியோவை அணைத்தார். "நேத்து எதுல விட்டோம்?" என்று கேட்டார். மூன்றாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி கூடையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். வகுப்பில் எழுந்து நின்றால் அவளுக்கு முதல் எழுத்தே தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நான் அவளை வாசிக்கச் சொல்வதையே நிறுத்தியிருந்தேன். அவள் அங்கே ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு வாசித்தாள். திக்கினாள், நின்றாள், மறுபடியும் தொடங்கினாள். யாரும் திருத்தவில்லை. ஆலை முச்சந்தியில் லாரிக்காகக் காத்திருந்தபோது அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அப்புறம் என்னாச்சி?" என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். இறங்கும் இடம் வந்ததும் மற்றொரு பிள்ளை அதைக் கையில் வாங்கிக்கொண்டு அதே வரியிலிருந்து தொடர்ந்தது.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் செய்திருந்தால் மனம் இவ்வளவு உறுத்தாது.

அதே ஆண்டு கல்வி இலாகாவிலிருந்து அதிகாரிகள் நூலகத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அலமாரி பல்லிழந்த வாய்போல் இருப்பதாகத் தலைமையாசிரியர் வருத்தப்பட்டார். அன்று மாலை வேன் அருகே போய்க் கூடையைப் பார்த்தேன். அட்டை கிழிந்தவை, மைலோ பானக் கறை பட்டவை, படத்து ராஜாவுக்குப் பேனாவால் மீசை வரைந்தவை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பெற்றோர் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "அண்ணே, இது ஸ்கூல் சொத்து. இப்படியா வச்சிருப்பீங்க? எல்லாத்தையும் நாளைக்கே கொண்டாந்து வச்சிருங்க," என்றேன். அவர் முகம் சுருங்கியது. "சரி டீச்சர்," என்றார்.

மறுநாள் நாற்பதும் வந்தன. கிழிந்த அட்டைகளை ஒட்டி, கறைகளை ஈரத்துணியால் துடைத்திருந்தார். அதிகாரிகள் வந்தார்கள், பாராட்டினார்கள், போனார்கள். அதற்குப் பிறகு நான் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் இரண்டுமுறை கேட்டார். எண்ணிட்டு வரிசையாக நின்ற புத்தகங்களைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. "அடுத்த வருசம் பாக்கலாம்ணே," என்று சொல்லி அலமாரியைப் பூட்டினேன்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஆறு பெருகியது. பள்ளிக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். வடிந்தபின் போனபோது அலமாரிக் கதவு ஊறி உப்பித் திறக்க வரவில்லை. துப்புரவுக்கு வந்திருந்த ஓட்டுநர்தான் கடப்பாரையால் நெம்பினார். புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே சேற்றுக் கட்டியாக வெளியே வந்தன. அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு புத்தகத்தின் பக்கங்களை விரலால் பிரித்துப் பார்த்தார். தாள் கூழாகக் கையோடு வந்தது. எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டார். அவர் வீடு தோட்டத்து மேட்டில். அங்கே நின்ற வேனுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

பத்திரிகையில் என் படம் வந்தது, கையில் ஒரு சேற்றுப் புத்தகத்துடன். நூலகத்தை வெள்ளத்துக்குப் பறிகொடுத்த ஆசிரியை என்று எழுதியிருந்தார்கள். ஜோகூர் பாருவிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் புதிய புத்தகங்கள் அனுப்பினார்கள். பார்த்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். எல்லா ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன்.

பள்ளி திறந்ததும் அந்தச் சிறுமியிடம், "வேன்ல இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "பாட்டு கேக்குறோம் டீச்சர்," என்றாள். புதிய புத்தகங்களில் நல்லதாகப் பார்த்து முப்பதை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். ஓட்டுநர் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டார். "வேணாங்க டீச்சர். புதுசா இருக்கு. அழுக்காயிரும்," என்றார். அதில் கேலி இல்லை. உண்மையிலேயே பயந்திருந்தார். நான் வற்புறுத்தவில்லை. அந்தச் சிறுமி ஆறாம் ஆண்டு முடித்துப் போகும்வரை என் வகுப்பில் வாய்விட்டு ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

சென்ற மாதம் அரசாங்கக் கிளினிக்கில் அந்த ஓட்டுநரைப் பார்த்தேன். இப்போது வேன் இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. எண் அழைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ ஆண்டுகளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை நான் தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"டீச்சர், ஒன்னு சொல்லணும். அப்ப உங்க மேல கோவத்துல, தோட்டத்துல எல்லார்கிட்டயும் உங்கள தப்பா பேசிட்டேன். அந்த டீச்சருக்கு பிள்ளைங்கள விட அலமாரிதான் பெருசுன்னு. பாவம், வெள்ளத்துக்கு நீங்க என்ன செய்வீங்க? மனசுல வச்சிக்காதீங்க."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய எண்ணை அழைத்துவிட்டார்கள். அவர் எழுந்து, என் பதிலுக்காக நின்றார்.

"பரவாயில்லண்ணே," என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.