நாலு பத்துக்கு இரண்டு தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் மட்டும் கேட்டிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். என் மனைவியும் கேட்டாள். ராத்திரி, மழை, கரண்ட் கட் எதுவும் கிடையாது. பட்டப்பகல். மணி நாலு பத்து.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வேறு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆசைக்கு டிரம்ஸ். "வீட்டுக்கு ஒரு இடி போதாதா?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்ள, என் அப்பா வயதுள்ள ஒரு டிரம்ஸ் செட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தேன். துரு, விரிசல், பாதி இடத்தில் கரையான். சரிசெய்ய இரண்டு வருஷம் ஆனது. பாதி வேலை என் மகள் இருக்கும்போது நடந்தது. மீதி, அவள் போன பிறகு.

அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவோம். நாலு வயது. கழற்றிப் போட்ட திருகுகளை அளவு பார்த்து டப்பாக்களில் போடுவாள். வேலை அலுத்தால், காலால் மிதித்து அடிக்கிற பெரிய பேஸ் டிரம்முக்குள் புகுந்து சுருண்டு உட்கார்ந்துகொள்வாள். அப்போது அதற்கு முன்பக்கத் தோல் மாட்டவில்லை. தோல் என்றால் இந்தக் காலத்தில் பிளாஸ்டிக்தான், எங்களுக்கு அது தோல்.

உள்ளேயிருந்து மரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். டொக்... டொக். 'அப்பா, இருக்கியா?' என்று அர்த்தம். நான் பெடலை மெல்ல ஒருமுறை மிதிக்க வேண்டும். டும். 'இருக்கேன்டா.' அந்தப் பதில் வந்தால்தான் வெளியே வருவாள். சாக்லேட்டைக் காட்டினாலும் அதற்கு முன்னால் வரமாட்டாள். பிடிவாதத்தில் அப்படியே அம்மாவைக் கொண்டிருந்தாள்.

ஒருநாள் அப்படித் தட்டினாள். நான் ஒரு வாடிக்கையாளரோடு போனில் கத்திக்கொண்டிருந்தேன். மறுபடியும் தட்டினாள். "சும்மா இருடி!" என்று அதட்டினேன். போனை வைத்தேன். மறந்தே போனேன். அரைமணி கழித்துப் பார்த்தால் உள்ளேயே தூங்கிப்போயிருந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் எங்களை விட்டுப் போய்விட்டாள். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தப் போன் பேச்சின் நேரம் இன்னும் என் போனில் பதிவாகியிருக்கிறது. நாலு பத்து.

மீதி வேலையை ஏன் முடித்தேன் என்று கேட்காதீர்கள். கை சும்மா இருந்தால் மனசு கொன்றுவிடும். முடித்ததும் மனைவி சொன்னாள்: "வித்துடுங்க. அதைப் பார்த்தா அவ உள்ள இருக்குற மாதிரியே இருக்கு." விளம்பரம் கொடுத்தேன். ஒரு பள்ளி வேன் டிரைவர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை முன்பக்கத் தோலை மாட்டிச் சுருதி சேர்த்தேன். ஓசை மொத்தையாக வந்தது. சத்தம் அமுங்குவதற்கு உள்ளே தலையணை வைப்போமே, அந்த மாதிரி. கழற்றிப் பார்த்தேன். காலி. திரும்ப மாட்டினேன். அதே அமுங்கல். பழைய மரம், ஈரம் குடித்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழன், மூன்று ஐம்பது. டிரைவர் வந்தார். மரத்தைத் தடவிப் பார்த்தார். "பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டிருக்கீங்க சார்" என்றார்.

நாலு ஐந்து. சின்ன டிரம்கள், தாளத் தட்டுகள், பெடல் எல்லாம் வேனில் ஏறிவிட்டன. பேஸ் டிரம் மட்டும் மிச்சம். இடம் ஒதுக்க டிரைவர் வேனுக்குள் ஏறினார். நான் டிரம்மைத் தூக்கப் பார்த்தேன். கனத்தது. காலையில் ஒற்றைக் கையால் நகர்த்திய டிரம்.

தோலில் கை வைத்தேன். சுட்டது. வெயிலே படாத மூலை அது. அதுவும் ஒரே ஓர் இடத்தில்... ஒரு குழந்தையின் நெற்றி அளவுக்கு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

டொக்... டொக்.

எலி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

டொக்... டொக்.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. மனைவி ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சா?"

"எலி."

"எலி எண்ணித் தட்டுமா?"

பெடல் வேனில் இருந்தது. கையால் ஒரு குத்து போதும். ஒரே ஒரு டும். கையை ஓங்கினேன்.

இறங்கவில்லை.

பயம். பெற்ற பிள்ளையிடம் பயம்.

"தூக்கலாமா சார்?" டிரைவர் வந்துவிட்டார். இருவரும் தூக்கினோம். "நல்ல வெயிட்டு" என்றார். வேன் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் டிரைவர் போன் செய்தார். தட்டுக் கணக்கெல்லாம் நான் அவரிடம் மூச்சுகூட விட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சார்... அந்த டிரம்முல என்ன இருக்கு?"

"ஏன்?"

"தினம் நாலு பத்துக்கு ரெண்டு தட்டு தட்டுது. நேத்து விளையாட்டா பெடலை ஒரு மிதி மிதிச்சேன்..."

"மிதிச்சு?"

"உள்ள இருந்து ஒரு சின்னப் பொண்ணு குரல். 'நீ அப்பா இல்ல'ன்னு சொல்லுச்சு சார்."

செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். "டிரம் எங்க? இதோ வரேன்."

"காலையிலேயே ஒரு பழைய சாமான் லாரியில ஏத்திவிட்டுட்டேன். யாரு எவருன்னு தெரியாது. வீட்ல புள்ளைங்க இருக்கு சார்... மன்னிச்சிடுங்க."

நானும் மனைவியும் தேடாத கடையில்லை. இதை எழுதும் காரணமும் அதுதான். நீல நிறம். பெரிய பேஸ் டிரம். உள்பக்கம் ஒரு திருகு மட்டும் அளவு மாறியிருக்கும். அவள் மாட்டியது. அதை மட்டும் நான் மாற்றவில்லை.

எங்கேயாவது நாலு பத்துக்கு இரண்டு தட்டு கேட்டால் ஓடிவிடாதீர்கள். பதிலுக்கு மிதிக்கவும் மிதிக்காதீர்கள். எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வேறு யார் மிதித்தாலும் அவள் வெளியே வரமாட்டாள்.