ஒடையாத நம்பர் மாப்பிள்ளை

அல்போன்ஸ் மாமா பேனாவ ஒதறிட்டு, அந்த அடையாளக் கார்டு ஐசி நம்பர மறுபடியும் மூணு மூணா வெட்டுறாரு. ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டி, கழிச்சு, வர்றத வச்சு ஏழு, பதினொண்ணு, பதிமூணு மூணையும் ஒரே அடியா சோதிச்சிடுவாரு. கல்குலேட்டர் தொட மாட்டாரு. "அத செஞ்சவன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"ம்பாரு.

பெம்பான்ல செம்பனைக் குலை லோரிய நிறுக்கிற வேலை. குலைக்கு நடுவுல கல்லு ஏத்திட்டு வர்றவங்களப் பாத்துப் பாத்து, சொந்த நெழலு பின்னால வந்தாக்கூட "யாரு நீ?"ன்னு கேக்குற மனுசன்.

நம்பர்லயும் அப்படித்தான். மிச்சமில்லாம வகுபட்டா நல்ல நம்பர். எதுலயும் வகுபடலன்னா அது "ஒடையாத நம்பர்". "உள்ளுக்குள்ள என்னன்னு காட்ட மாட்டேங்குது பாரு. கல்லு ஏத்துனது."

இப்ப மாட்டிக்கிட்டது சுங்கை ரம்பாய் ஜேம்ஸு, மக மோனிக்கா கட்டிக்கப்போற பையன். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கணும். அப்பா சரின்னு சொல்லாம மோனிக்கா பேர் குடுக்க மாட்டா. அப்பா கேட்டது ஐசி போட்டோஸ்டேட் ஒண்ணுதான். பன்னெண்டு நம்பர்.

"ரெண்டுலயே போகல."

"ப்பா, ஆம்பள ஐசி எல்லாமே கடைசி நம்பர் ஒத்தப்படை லா. ஒங்களுதும்தான்."

"சரி, அப்ப மூணுல ஏன் போகல?"

தொண்ணூத்தேழு வரைக்கும் வகுத்தாச்சு. பெம்பான் கடையில பேனாவே தீந்துபோச்சு. முழுசா பாக்கணும்னா ஒரு மில்லியன் கிட்ட போகணும்னு சொன்னா மோனிக்கா. "அதுக்குள்ள கல்யாணம் ஆகாமலே நான் கெழவி ஆயிடுவேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேம்ஸே தராசுக்கு வந்துட்டான். லோரி நிறுக்க வந்த நான் அங்கயே குந்திட்டேன். அடிச்சுத் தொரத்துனாலும் போயிருக்க மாட்டேன்.

"மாமா, நானும் வகுக்குறேன். நூத்தி ஒண்ணுலேருந்துதானே?"

வகுத்தான். "மிச்சம் நாப்பது."

மாமா தாளப் புடுங்கி மறுபடி வகுத்தாரு. நாப்பதுதான்.

அடுத்தது நூத்தி மூணு. பையன் நெத்தியில வேர்வை. "மிச்சம் ஒண்ணு, மாமா."

நான் அவன் காதுல ஊதுனேன். "சைபர்னு போடு லா. ஞாயித்துக்கிழமை ஓலை."

"ஒண்ணு வருதேண்ணே."

மாமாவுக்குச் செர்காம் கடல்ல மீன் துள்ளுனாக்கூட காது கேக்கும். என்னய மொறச்சாரு. தாள வாங்கி ரெண்டு தடவ வகுத்தாரு. கண்ணாடியத் தொடச்சிட்டு இன்னொரு தடவ. ஒண்ணுதான்.

"நூத்தி ஏழு"ன்னாரு.

பையன் ரொம்ப நேரம் வகுத்தான். "அறுவத்தி ரெண்டு, மாமா."

மாமா பேனாவ எடுத்தாரு. நூத்தி ஏழுக்கு நேரா அறுவத்தி ரெண்டுன்னு அப்படியே எழுதுனாரு, வகுத்துப் பாக்காம.