காளப்பநாயக்கன்பட்டி சளி டப்பாக்கள்

அடுத்தவர் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு எதுவுமே அதிர்ச்சி தராது என்று நினைப்பீர்கள். என்னைப்போல் சளி டப்பா தூக்கியவர் யாராவது இந்த நினைப்பைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். வெள்ளைக்காரன் காலத்தில், மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்பத்திரியில் காசநோய்க்குப் புது வைத்தியங்களைச் சோதித்துவந்த ஒரு டாக்டரிடம் நான் உதவியாளன். கொல்லிமலைக்கு நடந்தே ஏறிச் சளி வாங்கி வருவதும் என் வேலைதான்.

யாருடைய சளி?

செம்மன் என்று ஒரு மலை விவசாயி. ஆறு மாதமாக இருமல். டப்பாவைக் கொடுத்தேன், மறுநாளே சளியோடு தந்துவிட்டார். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்புச் சிவப்பாகக் கிருமிகள்! திரும்ப மலையேறி, "உங்களுக்கு நோய் உறுதிங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன். மனுஷனுக்கு முகமே வெளுத்துவிட்டது. மெல்லத் திரும்பி மனைவி பாவாயியைப் பார்த்தார். லேசாகச் செருமிக்கொண்டு, தலையில் விறகுக்கட்டோடு நின்றிருந்தார் அந்த அம்மா.

"புடிச்சுட்டுப் போயிருவீங்கன்னு பயந்து, அவளத் துப்பச் சொன்னேனுங்க சாமி!"

கூண்டில் ஒன்று குறைந்தது

கெஞ்சிக் கூத்தாடிச் செம்மனின் சொந்தச் சளியையும் வாங்கினேன். கிருமி தென்படவில்லை. கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், டாக்டர் அதை முயல்குட்டி மாதிரியிருக்கும் ஒரு கினிப்பன்றிக்கு ஊசியில் ஏற்றினார். கிருமி இருந்தால் சில வாரத்தில் அதற்கும் நோய் வரும். ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத இன்னொன்றும் கூண்டில் இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் பார்த்தால் ஒன்றைக் காணோம். ஆஸ்பத்திரிக் காவல்காரர் தன் மகளுக்கு விளையாட எடுத்துப்போனார் என்றார்கள். செருப்புகூடப் போடாமல் அவர் வீட்டுக்கு ஓடினேன். அந்தக் குழந்தை அதைக் கன்னத்தோடு அணைத்து வைத்திருந்தது. பிடுங்கிக் காதைப் பார்த்தேன். ஊசி போட்டதற்கு நாங்கள் வைத்திருந்த மசிப்பொட்டு அதில் இல்லை.

"பொட்டு வெச்சத உங்களுக்கே உட்டுட்டனுங்க. புள்ள இருக்கற ஊட்டுக்கு அதையா கொண்டு வருவேன்?" என்றார் காவல்காரர்.

தூங்கும் நுரையீரல்

பொட்டு வைத்த கினிப்பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை; செம்மனுக்கு நோயில்லை, வெறும் சுருட்டு இருமல்தான் என்று தெரிந்தது. பாவாயிக்குத்தான் வைத்தியம். நல்ல மருந்து இல்லாத காலம். நெஞ்சுக்குள் ஊசிவழியே காற்றை ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருக்கித் தூங்கவைப்பார்கள். ஓய்வில் புண் ஆறும். பாவாயியின் விலா இடுக்கிலும் அந்த ஊசி இறங்கியது. "அசையாமப் படுத்திருக்கணும்" என்றார் டாக்டர்.

பத்தாம் நாள் கட்டில் காலி. பிணத்தைத்தான் பார்க்கப்போகிறோம் என்று நானும் டாக்டரும் மலையேறினோம். பாவாயி தங்கள் காட்டில் குனிந்து சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்! "ஒத்த நுரையீரலோட எப்படிம்மா ஏறின?" என்றார் டாக்டர்.

"ஒன்னு தூங்குதுன்னா இன்னொன்னும் சும்மா கெடக்குமாங்க? சாமை உதுருதுங்க!"

அறுப்பு முடிந்ததும் தானாகவே இறங்கி வந்து படுத்தார். மறுவருஷம் அவர் சளியில் ஒரு கிருமியைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தே என் முதுகு வளைந்தது, ஆனால் என் நெஞ்சை ஒரு நொடி நிறுத்தியவையெல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தவைதான்.