நான் மூடிய குழிகள்

எனக்குச் சும்மா இருக்க வராது. நெத்தலியை வெயிலில் பரப்பிவிட்டு மற்றப் பெண்கள் நிழலில் சாய்ந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்த நேரத்தில் விளக்குமாற்றோடு எங்கள் மீன்வாடியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருப்பேன். மணலில் என்னத்தைக் கூட்டுகிறாய் என்று என் மனுசன் கேட்பார். பதில் சொல்லக்கூட நான் நிற்பதில்லை.

உச்சமுனைக்கும் அப்பால், படகில் மட்டும் போகக்கூடிய ஒரு மணல் தீவில் எங்கள் வாடி இருக்கிறது. தென்னங்கிடுகால் கட்டிய ஒரு குடில், முன்னால் மீன் காயவைக்கும் பந்தல், அவ்வளவுதான். மீன் படும் மாதங்களில் அங்கேயே தங்குவோம். குடிக்கிற தண்ணீர் கற்பிட்டியிலிருந்து கேனில் வரும். நான் பாலாவி உப்பளத்துப் பக்கம் பிறந்தவள். நல்ல தண்ணீர் என்றால் எங்கிருந்தோ பவுசர் லொறியில் வருவது என்றுதான் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆகவே கேன் தண்ணீர் எனக்குப் புதினமில்லை. கழுதைகள்தான் புதினம்.

யாரோ எந்தக் காலத்திலோ கொண்டுவந்து விட்ட கழுதைகள் பெருகி, பத்துப் பன்னிரண்டு அந்தத் தீவில் திரிந்தன. விடியும்போது வந்து, வாடிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முன்னங்காலால் மணலைப் பறித்துவிட்டுப் போகும். தினமும் நாலைந்து குழி. ஒருநாள் கூடையோடு போகையில் அதில் கால் வைத்து விழுந்து, கணுக்கால் வீங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் கல்லும் கையுமாக நின்றேன். கழுதையைக் கண்டால் எறிவேன், குழியைக் கண்டால் மூடுவேன். குழிக்குள் ஈரம் கசிந்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூத்திரம் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்து இரண்டு கல் கூடுதலாக எறிந்தேன்.

பாவம், விடு என்றார் அவர். நான் விடவில்லை. ஒரு மாதத்தில் கழுதைகள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் காற்று மாறியது. மற்ற வாடிக்காரர்கள் கடலின் நிறத்தைப் பார்த்து அன்றைக்கே மூட்டை கட்டினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். பாதி காய்ந்து கிடக்கிற நெத்தலியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். படகுகள் போய்விட்டன. அன்று மாலையே அவருக்கு வயிற்றோட்டம் தொடங்கியது.

இருந்த தண்ணீர் குடிக்கவும் கழுவவும் மளமளவென்று போனது. மணல் மேட்டில் ஏறி நின்று, படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போன் எடுத்தேன். கடல் இருக்கிற இருப்பில் நாளை மறுநாள்தான் படகு விடலாம் என்றார் அவர். அதோடு போனும் செத்தது. அடுத்த நாள் காலையில் ஒரு போத்தலில் பாதி மிஞ்சியிருந்தது. என் மனுசனுடைய கண் உள்ளே போயிருந்தது. கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தேன்; கிள்ளியது அப்படியே நின்றது. இரவிலிருந்து சிறுநீர் போகவில்லை. நான் பயந்துபோனேன். இந்த மனுசன் சாகப்போகிறார், அதுவும் என் நெத்தலிக்காகச் சாகப்போகிறார் என்று நினைத்தேன்.

இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போத்தலை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். காகங்கள் ஒரே திசையில் பறந்தன. தண்ணீருக்குத்தான் போகின்றன என்று பின்னால் ஓடினேன். கரையில் செத்து ஒதுங்கிய மீனைக் கொத்திக்கொண்டிருந்தன. என்னை நானே ஏசிக்கொண்டு திரும்பும்போது கழுதைத் தடங்கள் கண்ணில் பட்டன. அங்குமிங்கும் மேய்ந்த தடங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, ஒற்றையடிப் பாதையாகத் தீவின் மறுமுனைக்குப் போயின. மேயப் போகிற மிருகம் இப்படி நேராகப் போகாது என்று பட்டது. அரை மணி நேரம் அந்தப் பாதையிலேயே போனேன்.

கூட்டம் ஒரு பள்ளத்தில் நின்றது. ஒரு பெட்டைக் கழுதை முன்னங்காலால் பறித்தது, முகர்ந்தது, மறுபடி பறித்தது. பிறகு நிறுத்திவிட்டுச் சும்மா நின்றது. ஏன் நிற்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் தலையைக் குழிக்குள் விட்டு உறிஞ்சியது. நிமிர்ந்தபோது தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைக் கண்டதும் அத்தனையும் ஓடின. நான் குழியில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். நல்ல தண்ணீர்.

அதே ஆழம். அதே பள்ளம். அதே ஈரம். ஒரு மாதமாக வாடிக்குப் பின்னால் நான் மூடிக்கொண்டிருந்தது இதைத்தான். அங்கிருந்து வாடி வரைக்கும் ஓடினேன்.

மண்வெட்டியை எடுத்துப் பழைய குழி இருந்த இடத்தில் வெட்டினேன். முழங்கை ஆழத்தில் கசிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கழுதைக்குத்தான் கால் எட்டாது, எனக்கு மண்வெட்டி இருக்கிறதே என்று இன்னும் ஆழமாக வெட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அள்ளி வாயில் வைத்தால் கடல். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை மாதிரி மெல்லிசாகக் கிடக்கிறது. அதைத்தான் நான் வெட்டிக் கிழித்திருந்தேன். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

அடுத்த குழியைப் பத்தடி தள்ளி, கையால் பறித்தேன். ஈரம் கண்டதும் கையை எடுத்துவிட்டேன். இனி ஊறும் வரைக்கும் இருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததில்லை. கை தானாகக் குழிக்குள் போகப் பார்த்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தேன். உள்ளே அவர் முனகுவது கேட்டது. ஒரு சிரட்டை ஊறியது. அள்ளினேன். மறுபடி இருந்தேன். ஆறு சிரட்டை சேர்ந்ததும் துணியில் வடித்து, கேத்தலில் கொதிக்கவைத்து, ஆற்றி, உப்பும் சீனியும் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தேன். பிறகு திரும்பவும் குழியடிக்குப் போய் இருந்தேன்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம் அவருக்குச் சிறுநீர் போனது. கலியாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கதைக்கத் தெம்பு வந்தது.

"தண்ணி எங்கால புள்ள?"

"வாடிக்குப் பின்னால."

"கழுத பறிச்ச இடத்திலயா?"

"ஓம்."

"நீ மூடினியே, அதுலயா?"

நான் கேத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் படகு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை மீன் காலம் வந்துபோய்விட்டது. இப்போதும் அதே வாடிதான். பள்ளத்தில் ஒரு குழியை நானே பறித்து வைக்கிறேன், முழங்கை ஆழத்துக்கு மேல் ஒரு விரல்கூடப் போகாமல். தினமும் காலையில் அதைச் சுற்றித் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். காகத்தின் தடம் இருக்கும், கீரியின் தடம்கூட ஒருநாள் இருந்தது. கழுதைகள் வருகின்றன, வராமல் இல்லை. மணல் மேட்டடி வரைக்கும் வந்து, அங்கேயே நின்று குழியைப் பார்க்கின்றன. நான் குடிலுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாலும் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. நான் எறிகிற கல் எதுவரைக்கும் விழும் என்று அவற்றுக்குத் தெரியும்.