கடைசி டம்ளர்

காரைக்குடியிலிருந்து கோவிலூர் வரைக்கும் நான் கட்டிக்கொடுத்த வீடுகளை எண்ணிப் பார்க்க எனக்கே பொறுமை கிடையாது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்து, கொத்தனாராகி, பிறகு காண்டிராக்டராகி நின்றவன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. என் வீட்டுக் கூடத்தில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லில் குனிந்தால் முகம் தெரியும். அந்த மாதிரித் தரை எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆள் நடத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சாரத்துக்கு மேலே நின்று ஒரு சத்தம் போட்டால் கீழே கலவை போடுகிறவன் கை தானாக வேகமாகும். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை, என் வீட்டுக்காரியைப் பற்றி. அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

எங்கள் பங்குக் கோயிலில் அக்கம்பக்கத்துத் தெருக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அன்பியத்தார் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஜெபமாலை, பைபிள் வாசிப்பு, கொஞ்சம் பேச்சு. முழங்கை உயரத்துக்கு ஒரு மாதா சுரூபம் உண்டு. ஒரு வாரம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வாரம் அடுத்த வீட்டுக்குப் போகும். அதைக் கையில் ஏந்திக் கொண்டுபோவது அன்பியப் பொறுப்பாளர். அந்தப் பொறுப்பாளர் என் வீட்டுக்காரி. வருஷா வருஷம், “வேற ஆளப் போடுங்கத்தா, நானே இருந்தா நல்லாவா இருக்கும்?” என்பாள். மற்றப் பெண்கள் காதில் வாங்க மாட்டார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே, மறுநாள் மாதா போகவேண்டிய வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் உட்கார இடம் போதுமா, பாய் இருக்கிறதா, பிள்ளைக்குக் காய்ச்சலா, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிறார்களா என்று பார்த்து வருவாள். பாய் இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவாள். எந்த வீட்டுக்கும் பாய் கொண்டுபோனதை என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள். பாயைக் காணோமே என்று தேடித்தான் நான் கண்டுபிடிப்பேன்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். யார் வீடாக இருந்தாலும் ஜெபம் முடிந்ததும் சுண்டலும் சுக்குக் காபியும் மட்டும்தான். ஒரு தடவை மாதா எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மட்டன் பிரியாணிக்குச் சொல்லிவிட்டேன். என் தகுதிக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

“சட்டிய அப்படியே திருப்பி அனுப்புங்க” என்றாள்.

“ஏன்டி, கோழியும் சேத்துச் சொல்லவா?”

“இந்த வாரம் நீங்க பிரியாணி போடுவீக. அடுத்த வாரம் கடைசி வீட்டுக்காரி என்னத்தப் போடுவா? மாதா வேணாம்னு கதவச் சாத்திக்கிருவா. நம்ம ஆண்டவரே இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டுச் சீடருங்க காலக் கழுவுனாரு. உங்களுக்கு வெள்ள வேட்டி கசங்கிருமாக்கும்.”

பிரியாணி, கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனது. சித்தாள்கள் என்னை வாழ்த்தினார்கள். அதற்கும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பது வேறு.

அவள் சொன்ன கடைசி வீட்டுக்காரிக்குப் புருஷன் குடிகாரர். சாயங்காலமானால் வாசலில் நின்று தெருவையே ஏசுவார். அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று அன்பியத்தில் எல்லாரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரி மட்டும், “மாட்டுக் கொட்டில்ல பிள்ள பெத்தவ, இவரு சத்தத்துக்கா பயப்படப் போறா?” என்று சுரூபத்தை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். அவர் ஏச ஏச ஜெபமாலை நடந்தது. எல்லாருக்கும் காபி கொடுத்து, அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். பிறகு எப்போதும் போலக் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து டம்ளர்களைக் கழுவினாள். எல்லாரும் குடித்த பிறகு மிச்சம் இருக்கிற கடைசி டம்ளர்தான் அவளுக்கு. மிச்சம் இல்லாத வாரங்களும் உண்டு.

ஒரு சனிக்கிழமை. அன்று மாதா போகவேண்டியது பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார் வீடு. எல்லாரும் அங்கே கூடி உட்கார்ந்திருக்கிறோம். சுரூபத்தோடு வரவேண்டியவளைக் காணோம். எனக்கு எரிச்சல். நேரத்துக்கு வேலை நடக்காவிட்டால் எனக்குப் பிடிக்காது. எழுந்து தேடிப் போனேன்.

எங்கள் தெருமுனையில் ஆசாரி வீடு. எனக்கு நிலைக்கதவு செய்து கொடுக்கிற மனிதர், அம்மன் கோயில் கொடை நடத்துகிறவர், அவர் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. அந்த வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கூடத்தில் கோலம் போட்டு, பலகை வைத்து, அதன்மேல் எங்கள் மாதா. நெற்றியில் குங்குமம். கழுத்தில் மல்லிகைச் சரம். என் வீட்டுக்காரி கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆசாரி வீட்டம்மா கைகூப்பி நின்றார்.

என்னைப் பார்த்ததும் அந்தம்மா, “வாங்கண்ணே. மாதா எங்க வீட்டுக்கும் வந்துருக்கு பாத்தீகளா? சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாக. சர்க்கரப் பொங்கல் வைக்கக்கூட நேரமில்ல” என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

நான் சிரித்துவிட்டேன். “ஏத்தா, வாத்தியார் வீட்டுல எல்லாரும் காத்துக் கெடக்காக. இங்குட்டு வந்து என்ன பண்றே?” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இதான வாத்தியார் வீடு?” என்றாள்.

கேலியாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்த பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆசாரி வீட்டம்மா மெதுவாகக் குனிந்து, அவள் தோளைத் தொட்டு, “இதுவும் உங்க வீடுதான் மதினி. ஒரு எட்டு அங்கயும் போயிட்டு வருவமா?” என்று எழுப்பினார். சுரூபத்தின் குங்குமத்தை யாரும் துடைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் மாதா குங்குமத்தோடுதான் வாத்தியார் வீட்டில் இருந்தார்.

மதுரையில் டாக்டரைப் பார்த்தோம். மறதி நோய், மருந்து இதை நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும் என்றார். நான் அவரிடம், “எவ்வளவு செலவானாலும் பரவால்ல” என்றேன். அவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை ஒன்றுக்கும் உதவாமல் போனது.

இதைவிட என்னை அடித்துப் போட்டது வேறு. அன்பியத்துப் பெண்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. பல மாதமாக வெள்ளிக்கிழமை ஆனால் யாராவது ஒருத்தி வந்து, “மதினி, நாளைக்கு இன்னார் வீடுதானே?” என்று கேட்பதுபோல அவளுக்கு வீட்டை ஞாபகப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சுண்டலில் உப்பு இரண்டு தடவை விழுந்தால் சத்தமில்லாமல் தின்றிருக்கிறார்கள். அவள் அவர்களுக்கு எப்படி யாருக்கும் சொல்லாமல் பாய் கொண்டுபோனாளோ, அப்படியே அவர்களும் அவளுக்குச் செய்திருக்கிறார்கள். வீடே என் கையில் என்று திரிந்தவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

பங்குச் சாமியார் சின்ன வயது. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “பெரியவரே, அம்மாவ இனிமே தெருவுல தனியா நடக்க விடக்கூடாது. பொறுப்ப வேற ஒருத்தர்கிட்ட மாத்தணும். நீங்கதான் சொல்லணும்” என்றார்.

“நான் சொன்னா கேப்பா சாமி. என் பேச்ச யாரு தட்டுவா?” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தேனே தவிர, வாய் வரவில்லை. வேலைக்கு ஆகாதவனை, ‘நாளையிலிருந்து வராதே’ என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னவன் நான். அவள் தலைசீவும்போது போய் நிற்பேன், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். கடைசியில் ஒருநாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அன்பியப் பொறுப்ப வேற யாருக்காச்சும் குடுத்துருவமா? நீயும்தான் வருஷா வருஷம் சொல்லிக்கிட்டிருந்த.”

அன்று அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. கர்த்தரே, அன்றைக்கா இருக்கவேண்டும்! கீரையைக் கீழே வைத்தாள்.

“நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?”

“தப்பு ஒண்ணும் இல்லத்தா.”

“யாரு மனசாச்சும் நோகப் பேசிட்டனா? சொல்லுங்க, போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்.”

எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். யார் மனசையும் நோகடிக்காதவள் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பாள்? அந்த ஆய்ந்த கீரையை அன்று நானே கழுவினேன், நானே சமைக்கப் பார்த்தேன், கருகிவிட்டது. சாப்பிடும்போது அவள் அந்தப் பேச்சையே மறந்திருந்தாள். “கீர நல்லாருக்கு, யாரு வச்சா?” என்று கேட்டாள்.

யாரைப் போடுவது என்று கேட்டபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி இருக்கும்போது நான் எப்படி என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். கடைசியில் அந்தக் கடைசி வீட்டுக்காரிதான், குடிகாரர் பெண்டாட்டி, தயங்கித் தயங்கிச் சரி என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஓடியது. ஓடியது தவறு என்று அந்தச் சனிக்கிழமையே தெரிந்தது.

பொறுப்பு மாறுகிற ஜெபம் எங்கள் வீட்டில். சாமியார் வந்திருந்தார். ஆசாரி வீட்டம்மாவும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்து, சுரூபத்தை என் வீட்டுக்காரி புதுப் பொறுப்பாளர் கையில் கொடுக்கவேண்டும். தூக்கினாள். கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குழந்தையைப் பிடுங்க வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி எங்கள் எல்லாரையும் பார்த்தாள். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்து பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவமானம் எனக்கு.

அந்தக் கடைசி வீட்டுப் பெண் கையை நீட்டவே இல்லை. கிட்டப் போய்ச் சொன்னாள்: “மதினி, அடுத்த வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க மாதாவத் தூக்கிக்கிட்டு வாங்க. நான் பாயத் தூக்கிக்கிட்டுப் பின்னால வாரேன்.”

என் வீட்டுக்காரி முகம் இளகியது. “பாவம், புதுசா?” என்றாள். “ஒத்தையில எப்படித் தூக்குவ? இந்தா, நீ மாதாவப் பிடி. பாய் கனம், அத நான் தூக்கிக்கிறேன்.”

சுரூபம் கை மாறியது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

காபி கொடுத்து முடிந்ததும் அவளைக் கூடத்தில் காணோம். கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். எது போனாலும் கைக்கு அது மட்டும் ஞாபகம் இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கழுவின டம்ளரை வாங்கித் துண்டால் துடைத்துக் கவிழ்த்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீங்க எந்த வீட்டுலேர்ந்து வாரீக?” என்று கேட்டாள்.

நான் கட்டின வீடுகள் எல்லாம் இருக்கின்றன. அவளுக்குச் சொல்ல ஒரு வீடு என் வாயில் வரவில்லை.

“இங்குட்டுத்தான், பக்கத்துல” என்றேன்.

“காபி குடிச்சீகளா?”

இல்லையென்று தலையாட்டினேன். பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த கடைசி டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினாள். “குடிங்க. எனக்கு உள்ள இருக்கு” என்றாள். உள்ளே இல்லை. பாத்திரம் காலி என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

ஆறிப்போயிருந்தது. குடித்தேன். டம்ளரை அவள் கையில் கொடுக்காமல் நானே கழுவி வைத்தேன்.